அத்தையின் அளவு நோட்டு

2014-இல் ராஜபாளையத்தில் என் அத்தையிடம் ஒரு பொய் சொன்னேன். "ஹார்டு டிஸ்க் போயிருச்சு அத்தை, அதான் எல்லாம் அழிஞ்சிருச்சு." டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் இருந்ததை அழித்தது நான்.

அத்தை வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் அவருடைய அளவு நோட்டு இருந்தது. யாருக்குத் தோள் எவ்வளவு, கைநீளம் எவ்வளவு, கழுத்து இறக்கம் எவ்வளவு, யார் எவ்வளவு பாக்கி என்று இரண்டு வருடத்துக் கணக்கு. அத்தை சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்தது. வேறெங்கும் பிரதி கிடையாது.

அந்த மடிக்கணினியில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸை எடுத்துவிட்டுப் புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் போனேன். யாரும் கேட்கவில்லை. பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்து, இடத்தைப் பிரித்து, பென் டிரைவிலிருந்து நிறுவினேன். எல்லாம் நன்றாகப் போய்க் கடைசிக் கட்டத்தில் நின்றது. கணினியைத் துவக்கும் கிரப் என்ற நிரலை எஸ்டிஏ-வில் நிறுவ முடியவில்லை, இது பெரும்பிழை என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி இயக்கினால் கறுப்புத் திரை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரி, அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று இன்னொன்று. விண்டோஸும் வரவில்லை.

அந்தத் திரை என்ன சொல்கிறது என்று இப்போது தெரியும். பழைய முறைக் கணினிகளில் வட்டின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட்தான் துவக்க நிரலுக்கு. மிச்சத்தில் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், 2 பைட் அடையாள முத்திரை. 446 பைட்டில் கிரப் முழுவதும் அடங்காது. முதல் துண்டு அங்கே இருக்கும். அடுத்த துண்டு, அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில். மற்றதெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனில் பூட் என்ற அடைவுக்குள். நான் பாஸை அழித்தபோது அந்தக் கடைசிப் பகுதி போய்விட்டது. முதல் இரண்டு துண்டுகளும் இல்லாத பார்ட்டிஷனைத் தேடி நின்றன, அவ்வளவுதான். விண்டோஸ் பக்கம் ஒரு பைட்கூட அசையவில்லை. அளவு நோட்டு பத்திரமாக அங்கேயே இருந்தது.

எனக்கோ கை நடுங்கியது. மறுபடி நிறுவினேன், அதே பிழை. பென் டிரைவில்தான் கோளாறு என்று நினைத்து, பக்கத்துக் கடையில் டிவிடி வாங்கி எழுதினேன். அந்த மூன்றாவது முறையில், இனி வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் போட்டால்தான் சரியாகும் என்று முடிவு செய்தேன். உறுதிதானா என்று கேட்ட பெட்டியைப் படிக்காமலே அழுத்தினேன். லினக்ஸ் வந்தது. அழித்ததால்தான் வந்தது என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்படியில்லை. பென் டிரைவ் செருகியிருந்தபோது வழக்கமாக வட்டுக்கு இருக்கும் எஸ்டிஏ என்ற பெயரை அது எடுத்துக்கொண்டது. வட்டு எஸ்டிபி ஆகிவிட்டது. நிறுவும் நிரல் பென் டிரைவின் மேலேயே கிரப்பை எழுதப் பார்த்துத் தோற்றிருக்கிறது. டிவிடிக்கு வேறு வகைப் பெயர் என்பதால் மூன்றாம் முறை வட்டுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. எஸ்டிபி என்று ஒரு எழுத்தை மாற்றித் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். ஊசியிலிருந்து நூல் நழுவியதற்குத் துணியைக் கிழித்துப் போட்டேன்.

பொய்யோடு நிற்கவில்லை. பொய் நிற்க வேண்டுமே என்று, "டிஸ்க்கை மாத்திருங்க, மறுபடி போயிரும்" என்றும் சொன்னேன். அத்தை 2,800 ரூபாய் கொடுத்துப் புது டிஸ்க் வாங்கினார். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். பழையதை என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக வரச்சொல்லி மறுபடி அளவெடுத்தார். பாக்கி வைத்திருந்தவர்களில் சிலர் வரவேயில்லை.

2021-இல் புது மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுத் தரச்சொல்லி என்னையே கூப்பிட்டார். கடைசிக் கட்டத்தில் மறுபடி கிரப் பிழை. இந்த முறை எதையும் அழுத்தவில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, அத்தையின் கோப்புகளை வெளி வட்டுக்கு முதலில் பிரதி எடுத்தேன். பிறகு சிஸ் அடைவில் ஃபர்ம்வேருக்குள் ஈஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதாவது பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் துவங்கியிருக்கிறது. வட்டோ ஜிபிடி என்ற புதிய பட்டியல் முறையில், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்காக அமைந்தது. அந்த முறையில் கிரப்புக்கு அங்கே இடமில்லை.

துவக்கப் பட்டியலில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை இருந்தது. யுஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவிய லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதன் பூட் அடைவுக்குள் ஈஎஃப்ஐ இடத்தில் துவக்கக் கோப்புகளுக்கென்று வட்டில் இருக்கும் சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனை மாட்டினேன். அதை ஃபார்மட் மட்டும் செய்துவிடக் கூடாது. விண்டோஸின் துவக்கக் கோப்பும் அதற்குள்தான் இருக்கும். டெவ், பிராக், சிஸ் மூன்றையும் உள்ளே இணைத்து, சிஎச்ரூட் மூலம் அந்த லினக்ஸுக்குள் புகுந்து, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் கட்டளைகளைக் கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை என்று வந்தது. மறுபடி இயக்கியதும் விண்டோஸும் லினக்ஸும் பட்டியலில் நின்றன.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஏழு வருடத்துக்கு முன்னும் இவ்வளவுதான் வேலை என்று நினைத்ததும் தொண்டை அடைத்தது. அத்தை பக்கத்தில் ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "அத்தை, அன்னைக்கு டிஸ்க் போகல. நான்தான் அழிச்சேன். பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

தையலை நிறுத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்ப அந்தப் பழைய டிஸ்க் நல்ல டிஸ்க்கா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தை."

"நான் புதுசுக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு குடுத்தேன்."

மறுநாள் பணத்தோடு பழைய டிஸ்க்கையும் கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சொல்லவில்லை. நோட்டுகளை எண்ணிப் பார்த்து மெஷின் இழுப்பறையில் வைத்தார். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "உக்காரு. பாக்கிக்காரங்க பேரு ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்றேன், எழுது" என்றார்.