தாராவி முதல் செம்பூர் வரை: ஊர் திரும்பிய ஆயாக்கள்

மும்பை மாநகரில் தமிழர் வாழும் பகுதிகள் பலவெனினும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றுமே நம்மவர் நாவில் முதலில் வருவன. மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளவை. சயான் இரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி. தெற்கே அடுத்த நிலையம் மாட்டுங்கா. வடக்கே குர்லாவுக்குச் சென்று துறைமுக வழி வண்டிக்கு மாறினால், திலக் நகரை அடுத்துச் செம்பூர். இக்குறுகிய எல்லைக்குள் நாள்தோறும் காலையில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களிடையே குழந்தைகளைப் பேணும் ஆயாக்களும் உளர். வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பல்லாண்டுகள் பிறர் மக்களை வளர்த்துவிட்டு ஊர் திரும்பும் நம் பெண்கள், இங்கே அதே வேலையைத் தேடுங்கால் எதிர்கொள்ளும் நிலைமையை ஒருவாறு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

‘ஆயா’ என்னும் சொல் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது என்பர். தமிழ்நாட்டின் சில பகுதிகளிலோ பாட்டியை ஆயா என்றழைப்பது வழக்கம். மராத்தியர் இவ்வேலை செய்யும் பெண்ணை ‘மாவ்சி’ என்பர். தாயின் உடன்பிறந்தவள் என்பது அதன் பொருள். கூலிக்கு வரும் பெண்ணுக்கும் உறவுப் பெயர் இட்டு அழைக்கும் பண்பு இரு மொழியினருக்கும் பொதுவாய் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

குழந்தைகளை வளர்க்கக் கடல் கடப்பது நம் பெண்களுக்குப் புதிதன்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பம்பாய்த் துறைமுகம் ஐரோப்பியப் பயணத்துக்குத் தலைவாயிலாயிற்று. தாயகம் திரும்பும் ஆங்கிலேயக் குடும்பங்கள், கப்பலில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள இந்திய ஆயாக்களை உடன் அழைத்துச் சென்றன. இலண்டனில் இறங்கியதும் கைவிடப்பட்டு, திரும்ப வழியின்றித் தவித்தவர் பலர். அவர்களுக்காக அந்நகரில் ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று இயங்கியது. 1900-ல் அது ஹாக்னி பகுதியிலுள்ள கிங் எட்வர்டு சாலைக்கு மாறியது. இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்தைத் தேடி, அதன் குழந்தைகளைக் கவனிக்கும் வேலையை ஆயாவுக்குப் பெற்றுத் தருவதே அவ்வில்லத்தின் முக்கிய பணி. ஆக, அப்பெண்களுக்கு ஊர் திரும்புவதே ஒரு வேலையாய் இருந்தது. 2022-ல் அவ்வில்லத்தின் சுவரில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. இன்றைய பெண் விமானத்தில் திரும்புகிறாள். வேலை தேடும் படலம் ஊர் வந்து சேர்ந்த பின்னரே தொடங்குகிறது.

முதலில் தாராவியைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினர் தோல் பதனிடும் தொழிலுக்காக இங்கு வந்து குடியேறினர். தொண்ணூறு அடிச் சாலையில் நம் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சி நாடறிந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் தாய், இத்தகைய தெருவொன்றில் தன் தாயிடமோ மாமியாரிடமோ விட்டுச்சென்ற பிள்ளைகளிடம் வந்து சேர்கிறாள். ஐந்து வயதில் விட்டுப்போன மகன் பன்னிரண்டு வயதுப் பையனாய் நிற்கிறான். பாட்டியை ‘அம்மா’ என்கிறான், பெற்றவளைக் கண்டு கூசுகிறான். அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு மாடி எழும்பியிருக்கலாம். பள்ளிக் கட்டணமும் கட்டப்பட்டிருக்கலாம். ஆயினும் இழந்த ஆண்டுகளை ஈடு செய்ய அவளுக்கு இன்றியமையாதது ஒன்றே: பொழுது சாயுமுன் வீடு திரும்பக்கூடிய வேலை.

அவ்வேலை கிடைக்கும் இடங்களில் முதன்மையானது மாட்டுங்கா. தாராவியிலிருந்து நடந்தே செல்லலாம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தன் முதற்பள்ளியைத் தொடங்கிய இடம் இது; ஆஸ்திக சமாஜக் கோயிலும், பூக்கடைகளும், காப்பிப்பொடி மணக்கும் வீதிகளும் கொண்ட பகுதி. கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும் வீடுகள் இங்கு மிகுதி. முன்போல் பாட்டியர் எல்லா வீடுகளிலும் உடன் இருப்பதில்லை. எனவே காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை நம்பிக்கையான ஒரு பெண்ணைத் தேடுவோர் பலர்.

செம்பூர் சற்றே தொலைவு. சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள. நாட்டுப் பிரிவினைக்குப் பின் குடியேறிய சிந்தி மக்களும் இங்கு மிகுதி. குர்லாவில் வண்டி மாறிச் செல்ல வேண்டுமாதலால், இங்கே வேலை ஏற்கும் பெண் பயண நேரத்தையும் வேலை நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுதல் நலம்.

வேலை உண்டு, தேடுவோரும் உளர். இடர் எங்கே எனின், சான்று இல்லாமையில்தான். அயல்நாட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பிறந்தநாள் முதல் வளர்த்தவளாயினும், இங்கே அதை அறிந்தவர் எவருமிலர். மாட்டுங்காவிலோ ஒரு வீட்டில் வேலை செய்பவள் சொல்லித்தான் அடுத்த வீட்டின் கதவு திறக்கிறது. ஆகவே, இன்னும் வெளிநாட்டில் உள்ள நம் சகோதரிகள் புறப்படுமுன்னரே எசமானியிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் பெற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுகள், எத்தனை குழந்தைகள், என்னென்ன வயதினர் என்பன அதில் இருத்தல் வேண்டும். விசா முத்திரைகள் உள்ள பழைய கடவுச்சீட்டையும் பத்திரப்படுத்துக. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தால் கற்ற தொழிலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. அத்தகைய சான்றிதழ் கிட்டுமாயின் பெறுதல் நன்று.

இடைத்தரகு நிலையங்களை நாடுவோர், தரகுத் தொகையைத் தருவது யார் என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். வேலை எட்டு மணியா, பன்னிரண்டு மணியா, இரவும் பகலுமா? குழந்தையைக் கவனிப்பது மட்டுமா, சமையலும் பாத்திரமும் அதனுள் அடங்குமா? பிரசவ வீட்டில் நாற்பது நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ‘ஜாப்பா’ வேலைக்குச் சம்பளம் தனி. அதனைச் சாதாரண ஆயா வேலையோடு சேர்த்துக் குறைத்துவிட இடங்கொடுக்கலாகாது.

வார விடுமுறை பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 2013 முதல் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு சட்டப்படி உரியது. குவைத் நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே ஓய்வுநாளை வகுத்தது. மகாராஷ்டிரத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நல வாரியம் அமைக்க வழிசெய்ததாயினும், அது பதிவும் நல உதவியும் பற்றியதே. 2013-ல் இயற்றப்பட்ட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்களையும் காப்பது. அதனை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருத்தல் வேண்டும். ஓய்வுநாளோ பெரும்பாலும் வீட்டாரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகவே உள்ளது. அயல்நாட்டார் சட்டத்துக்கு அஞ்சிக் கொடுத்ததை, நம்மவர் தம் வீட்டில் அன்பினால் கொடுத்தலாகாதா?

தாராவி மறுசீரமைப்புத் திட்டமும் இப்பெண்களைத் தொடுவது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. ஏனையோர் வேறிடம் செல்ல நேரும். மாட்டுங்காவுக்கு நடந்து செல்பவள் நகரின் ஒரு கோடிக்கு மாறினால், அந்தி சாயுமுன் வீடு திரும்பும் வேலையும் கைநழுவும். ஆதலின் பல்லாண்டு வெளிநாட்டில் இருந்தோர் தம் பெயர் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் உள்ளதா எனத் திரும்பியவுடன் பார்த்துக்கொள்வது கடமை.

இறுதியாக, ஆயா வைத்துக்கொள்ளும் நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுக் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசி வளர்கின்றனர். பெற்றோர் மாலையில் களைத்து வருகின்றனர். பகலெல்லாம் குழந்தையோடு தமிழ் பேசி, நிலாவைக் காட்டிச் சோறூட்டி, நெல்லைச் சீமைக் கதைகளைச் சொல்லும் பெண் ஒருத்தி கிடைப்பது பெரும்பேறு. அவளது அனுபவத்துக்குத் தக்க சம்பளம் தருக, ஓய்வுநாள் தருக. எல்லாவற்றிலும் மேலாக, ஆறு மணிக்கு அனுப்புவதாகச் சொன்னால் ஆறு மணிக்கே அனுப்புக. தாராவியில் அவள் பிள்ளையும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது.