படிக்காமல் போட்ட கையெழுத்து

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே, கரிசல் காட்டின் நடுவே, 11 ஏக்கர் நிலம் கிடக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த பூமி. இன்று சீமைக் கருவேல் மண்டிய காடு. மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுக்கிறார்கள். நிலத்துக்கு உரியவர் உயிருடன் இல்லை. வாணிகத்தில் பொருளீட்டிய அந்தப் பெரியவர், ஊருக்கு ஒரு படிப்பகம் வேண்டும், ஏழைப் பிள்ளைகள் மேலே படிக்கவேண்டும் என்று அறக்கட்டளைப் பத்திரம் எழுதிவைத்து மறைந்தார். காவலர் மூவர். ஒருவர் இறக்கவே, அந்த இடத்துக்கு நம்மை அழைத்தனர்.

நமக்கு வயது 26. பட்டம் பெற்றுப் பள்ளியிலே ஆசிரியப் பணி. மாலையிலே படிப்பகம், விடுமுறையிலே மேடை. பனகல் அரசர் காலத்திலே, 1925இல், அறநிலையச் சட்டம் ஏன் வந்தது, எவருடைய கொள்ளையைத் தடுக்க வந்தது என்று மேடையிலே எத்தனை முறை முழங்கியிருப்போம்! அத்தகைய நாம், அறங்காவலர் ஆனதும் செய்த முதற் காரியம் என்ன தெரியுமா, தோழர்களே? நீட்டிய நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான்!

"கணக்கெல்லாம் நான் பாத்துக்கிடுறேன் தம்பி. நீ வாத்தியாரு. உன் பேரு இருந்தா ஊருக்கு ஒரு நம்பிக்கை" என்றார் சின்னையா. அவர் கோயில் தர்மகர்த்தா அல்லர். நம்மோடு மேடை ஏறியவர். நம் தந்தை மறைந்தபின், நமது கல்லூரிக் கட்டணத்தைத் தம் கைப்பொருளால் கட்டியவர். அவர் முன்னே பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதா? பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பார்க்கவில்லை.

கல்லூரியில் இடம் கிடைத்த பெண் ஒருத்தி உதவி கேட்டு வந்தாள். நம்மிடம் படித்த பெண், தறிக்காரர் மகள். "நிதி இல்லை" என்றார் சின்னையா. அன்றுதான் நோட்டைப் பிரித்தோம். கரிக்கு மரம் வெட்டும் குத்தகை, ஏலமும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல், சின்னையாவின் மருமகனுக்கு விடப்பட்டிருந்தது. தொகையோ, மூட்டக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதன் கீழே, அழகிய எழுத்திலே, நமது பெயர்!

அருப்புக்கோட்டையில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை நாடினோம். பணத்தை நாம் தொடவில்லையே என்றோம். "கையெழுத்து உங்களுடையதுதானே?" என்றார் அவர்.

1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியது; ஆயினும் அதன் நெறிகளைப் பொது அறங்களுக்கும் வழக்கு மன்றங்கள் பொருத்திப் பார்க்கின்றன. சராசரி விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பேணுவானோ, அப்படிப் பேண வேண்டும் என்பது அதன் 15ஆம் பிரிவு. கோயில் அறங்காவலர்க்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதே அளவுகோலைத்தான் வைக்கிறது. உடன் காவலர் செய்த தவற்றுக்கு மற்றவர் பொதுவாகப் பொறுப்பல்லர். ஆனால் பொருளை அவர் கையில் விட்டுவிட்டு விசாரிக்காமல் இருந்தாலோ, தவறு தெரிந்தபின் மூடி மறைத்தாலோ, பொறுப்பு நம் தலையிலும் விழும். நட்டத்தைச் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய நேரும். விலகல் கடிதம் எழுதிவிட்டு ஓடலாமா? அதுவும் இயலாது. ஏற்ற பொறுப்பை நினைத்தபடி உதறிவிட முடியாது. மன்றத்தின் அனுமதி போன்ற வழிகள் சிலவே உண்டு. ஊதியம் இல்லாத வேலைக்கு இத்தனை விலங்குகள்!

சின்னையாவோடு சமரசம் பேசி, பழையதை விட்டுவிட்டு, இனிச் சரியாக நடத்தலாகாதா என்று கேட்டோம். "உங்கள் பணமா, விட்டுக்கொடுக்க? கமுதி வழக்கைப் படித்துப் பாருங்கள்" என்றார்.

கமுதி நமக்கு அயலூர். 1897இல் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் சிலர் நுழைந்தனர். கோயிலின் பரம்பரைக் காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை மன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நடக்கையில், மன்னரே நாடார்களோடு சமரசத்துக்கு இணங்கினார். மன்றம் அதை ஏற்கவில்லை. காவலர் தம் பொறுப்பை மீறி எதையும் விட்டுக்கொடுக்க இயலாது என்பதே காரணம். 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. மன்னரானாலும் காவலர் காவலரே, உடைமையாளர் அல்லர்!

அந்த நெறி நமக்குப் பிடித்தது. அது பயன்பட்ட விதம் நெஞ்சைச் சுட்டது. ஏழையின் சொத்துக்கு வேலியாகும் அதே விதி, அங்கே மனிதனை வெளியே நிறுத்தும் தாழ்ப்பாளாயிற்று. வழக்கம் எதுவோ அதைக் காப்பதே காவலர் கடமை என்றனர், வழக்கமோ தீண்டாமை! அதனால்தான், 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் மதுரை மீனாட்சி கோயிலுள் நுழைந்தபோது, அவர்களை உள்ளே விட்ட நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு போன்றோர் மீது வழக்குப் பாயும் ஆபத்து எழுந்தது. அவர்களைக் காக்க அவ்வாண்டே தனிச் சட்டம் வந்தது. ஆச்சாரியார் ஆட்சியிலே நாம் பாராட்டக்கூடியவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

கதவைத் திறந்தவருக்குச் சட்டம் கேடயம் கொடுத்தது. படிக்காமல் கையெழுத்திட்ட நமக்கு எந்தச் சட்டமன்றம் கேடயம் செய்யும்?

காவலர் கூட்டத்தைக் கூட்டக் கோரி எழுதினோம். குத்தகையைப் பொது ஏலத்தில் விடவேண்டும், இரண்டாண்டுக் குறையை ஈடு செய்யவேண்டும் என்று குறித்தோம். கடிதத்தைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நேரிலே கொண்டுபோய்க் கொடுத்தோம். சின்னையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முழுவதும் படித்தார்.

"உன்னைப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

வாயில் சொல் வரவில்லை. சின்னம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

ஏலம் நடந்தது, தொகை முன்னதைப்போல் நான்கு மடங்கு. குறையில் நமது பங்கைச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கட்டி வருகிறோம். முதல் தவணை அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று. சின்னையா தம் பங்கைக் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் கட்டவில்லை. சென்ற மாதம் அவர் வீட்டில் சீர்திருத்தத் திருமணம். ஊரிலே எல்லாருக்கும் அழைப்பிதழ் சென்றது. அம்மா மட்டும் போய்விட்டு வந்தார்.