சிவப்புப் பொடியும் ஐஎம்ஜி 0413-உம்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய். இறங்கியதும் டேனரி வாடை. மாடியில் கமிட்டி நடத்தும் சின்ன நூலகம். உருது, தமிழ்ப் புத்தகங்களோடு தோல் வியாபாரிகள் கொடுத்த பழைய பேரேடுகளும் இருக்கின்றன. தோல் அட்டையைத் தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. தோல் ஊரிலேயே தோல் உதிர்கிறது.

“எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு சார்” என்றார் நூலகர் பாய். காட்டச் சொன்னேன்.

பீரோவில் ஒரே தட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றை மாட்டினார்: படங்களின் பெயர் ஐஎம்ஜி 0413, ஐஎம்ஜி 0414 என்று போய்க்கொண்டே இருந்தது. எது எந்தப் பேரேடு என்பது ஒரு நோட்டில் பேனாவால் எழுதியிருக்கிறது. அந்த நோட்டை யாரும் ஸ்கேன் செய்யவில்லை.

இந்தப் பழைய பேரேடுகளையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எந்த டேனரி எங்கே, எப்போது ஓடியது என்று தேடுகிறவருக்கு இந்தப் பேரேடுகள் வேண்டும்.

சுவரில் ஏதோ பயிற்சியில் கொடுத்த ஆர்கைவ்மேட்டிகா பிரிண்ட். டிஜிட்டல் ஆவணங்களைப் பாதுகாக்கக் கனடாவில் உருவான இலவச மென்பொருள். ‘டிரான்ஸ்ஃபர்’, ‘அப்ரைசல்’, ‘இன்ஜெஸ்ட்’ என்று வரிசையாகத் தலைப்புகள். லினக்ஸ் சர்வர் கேட்கும். இங்கே இருப்பதோ பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். பிரிண்டோடு நின்றுவிட்டது.

அதே வேலைக்கு அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தரும் ‘பேகர்’ என்ற மென்பொருள் சின்னது, ஜாவா இருந்தால் போதும். ஒரு ஃபோல்டரின் நகலில் போட்டுப் பார்த்தோம். முடிந்ததும் பாய் ஃபோல்டரைத் திறந்து பதறினார்: “படமெல்லாம் எங்க சார்?” ‘டேட்டா’ என்ற உள் ஃபோல்டருக்குள் பேகர் நகர்த்தியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படிச் செய்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போல ஒரு நீளமான எண். ஒரு படத்தை மறுபடி சேமித்துவிட்டுச் சரிபார்க்கச் சொன்னோம். கண்ணுக்குப் படம் நன்றாகவே இருந்தது. பேகர் ஏற்கவில்லை, எண் பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னது. பாய் அதில் ஃபைல் பெயரை மட்டும் படித்துக்கொண்டார்.

“கெட்டதை இதுவே சரிபண்ணுமா?”

பண்ணாது. நல்ல நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒரு டிஸ்க்கைக் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் போனை எடுத்தார். நான் நோட்டை ஸ்கேனர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.