வரைவும் தூய நகலும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் முதலில் 'ப்ரூயோன்' என்கிற வரைவுத் தாளில் அடித்துத் திருத்தி எழுதுவோம். பிறகுதான் தூய நகல். அரசாங்க குமாஸ்தா வேலையிலும் அதே கதைதான். ஆனால் அங்கே ஒரு வசதி: கடிதம் மாலைத் தபாலில் போயே ஆக வேண்டும்.

ஓய்வுக்குப் பின் தாம்பரம் வீட்டில் கணினியில் இசை அமைக்கிறேன். இதற்குக் கெடு வைக்க அதிகாரி கிடையாது. கடைசி மின்சார ரயில் போன பிறகும் ஒரே தாளத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன். "இந்த வயதில் இதை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று மனசும் ஒத்து ஊதும்.

எனக்குத் துணிவு தந்தவர் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா வாத்தியக் கலைஞர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 கருவிகளை வைத்துக்கொண்டு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அன்று அதைச் சீந்துவார் அதிகம் இல்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோதோ, சிகாகோவில் பிற்பாடு பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் சாயல் இதில் முன்பே இருக்கிறதே என்று பலரும் வியந்தார்கள். 2015இல் காலமாவதற்குள் அந்தப் பாராட்டை அவர் கேட்டுவிட்டார்.

மதிப்புப் போடுவது நம் வேலை அல்ல; முடித்து அனுப்புவதுதான் நம் வேலை. இப்போது ஒவ்வொரு மெட்டுக்கும் பதினைந்து நாள் கெடு. அன்று மாலை, இருக்கிறபடியே தேதி போட்டுப் பேத்திக்கு அனுப்பிவிடுவேன். போன வாரம் போனது ஏழாவது, மோகனம். டிரம் சத்தம் கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டும், எட்டாவதில் பார்த்துக்கொள்ளலாம்.