நீலமாகாத உப்பு

1902ஆம் ஆண்டு வாஷிங்டனில் ஒரு விநோதமான சாப்பாட்டு மேசை போடப்பட்டது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இரசாயனப் பிரிவுத் தலைவர் ஹாவி வைலி, திடகாத்திரமான இளைஞர் பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்தார். உணவு கெடாமலிருக்க அக்காலத்தில் கலக்கப்பட்ட வெண்காரம் போன்றவற்றைச் சாப்பாட்டோடு கொடுத்து, அவர்களுக்கு என்ன நேர்கிறதென்று பார்த்தார். நட்டஈடு கேட்பதில்லை என்று கையொப்பமிட்ட பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். பத்திரிகைகள் ‘நஞ்சுப் படை’ என்று பெயர் வைத்தன. 1906இல் அங்கே தூய உணவுச் சட்டம் வந்ததில் அந்த வயிறுகளுக்கும் பங்குண்டு.

கல்முனைப் பகுதியில் நான் விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலையிலும் ஒரு படை இருந்தது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். அவர்கள் எதையும் விழுங்க வேண்டியதில்லை. குசினியிலிருந்து ஒரு தேக்கரண்டி உப்பைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தால் போதும். உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் நம் நாட்டில் கட்டாயம். சட்டம் கடைவரை வரும். அடுப்படிவரை வந்ததா என்பதைப் பிள்ளைகள்தான் சொல்லவேண்டும். சோதனைப் போத்தலிலுள்ள மாப்பொருள் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் அயடீன் உள்ள உப்பு நீலமாகும். எவ்வளவு என்று துல்லியமாக அறிய ஆய்வுகூடம் வேண்டும். உண்டா இல்லையா என்றறிய இந்தச் சொட்டு போதும்.

பெயர் எழுதவேண்டாம், இலக்கம் போடுங்கள் என்பது என் ஏற்பாடு. பொதி உப்பு வாங்குகிற வீடு எது, மூட்டையில் அள்ளுகிற வீடு எது என்பதை உப்பு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? ஒருநாள் ஒரு பொட்டலம் வெள்ளையாகவே கிடந்தது. நான் வாய் திறக்குமுன்பே பின்வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பினாள்.

“டீச்சர், அது எங்கட. வாப்பா கருவாடு போடுற மூட்டையில அள்ளின.”

மறுநாள் அவளுடைய உம்மா வந்தார். வயிற்றில் பிள்ளை.

“மீன் திங்கிற சனம் டீச்சர் நாங்க. எங்களுக்கு எதுக்கு அயடீன்?”

கேள்வியில் பிழையில்லை. கடல் மீனில் அயடீன் உண்டு. கழுத்துக் கழலை நம் நாட்டில் அதிகம் காணப்பட்டதும் தென்மேற்கு ஈரவலயத்தில்தான்.

“நேத்து ராவைக்கு என்ன கறி?” என்று கேட்டேன்.

சற்று யோசித்துச் சிரித்தார். “நல்ல மீனெல்லாம் ஐஸ் போட்டு லொறியில கொழும்புக்குப் போயிரும். எங்களுக்குப் பருப்புந்தான்.”

மீன் பிடிக்கிற வீடு என்பதும் மீன் தின்கிற வீடு என்பதும் ஒன்றல்ல என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்வதற்கு அயடீன் எவ்வளவு அவசியம் என்பதைச் சொன்னேன். உப்பை ஈரத்திலும் வெயிலிலும் திறந்து வைத்தால் அயடீன் குறைந்துபோகும், மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்புக்குத் தள்ளி வையுங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொதி என்ன விலை என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை மகள் இரண்டு பொட்டலங்கள் கொண்டுவந்தாள். ஒன்று நீலமாயிற்று. மற்றது ஆகவில்லை.

“அது கருவாட்டு உப்பு, டீச்சர். ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பார்க்கத்தான் கொண்டுவந்த” என்றாள்.