இற்றுப்போன கம்பி

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையைத் தரிசித்துவிட்டு, பெரம்பலூர் திரும்பக் காரைப் பின்னோக்கி எடுத்தேன். பின்புறக் கேமராவின் படம் சில வாரங்களாகவே மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டிருந்தேன். அன்று திரை முற்றிலும் இருண்டது.

“ஐயோ, நிறுத்துங்கள்!” என் துணைவி அலறினாள். சக்கரத்திற்கு ஒரு முழத் தொலைவில் சிறுவன் ஒருவன் குனிந்து, சிந்திய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அரியலூர்ச் சாலையில் சிமெண்டு லாரிகளுக்கிடையே வீடு வந்து சேரும்வரை நாங்கள் பேசவில்லை.

மறுநாள் மின்பணியாளர் பின்கதவின் கீலருகே இருந்த ரப்பர் உறையைக் கழற்றினார். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடிந்து மடிந்து, உள்ளே செம்புக் கம்பி இற்றிருந்தது. மேலுறையில் ஒரு கீறலும் இல்லை! ஒட்டுப்போட்டால் அதே மடிப்பில் மீண்டும் அறும் என்று, கேமராவிலிருந்து திரைவரை புதுக் கம்பியே இழுத்தார்.

படம் இப்போது தெளிவாய்த் தெரிகிறது. ஆயினும், இறங்கிப் பின்னால் சென்று பார்த்துவிட்டே வண்டியை எடுக்கிறேன்.