எழுபத்திரண்டாம் வருஷத்து மாயாவி

ஜெராக்ஸ் கடைக்காரன் ஒருத்தன் ஜெராக்ஸைக் காசு கொடுத்து வாங்கினான் என்று யாராவது சொன்னால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அதுவும் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு. கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில்தான் என் கடை. அதே மாதிரி ஒரு கலர் காப்பி என்னிடம் பத்து ரூபாய்.

நான் வாங்கியது ‘இரும்புக்கை மாயாவி’. முத்து காமிக்ஸின் முதல் இதழ், 1972 ஜனவரி. இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962ல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதைப் படித்துவிட்டு வீட்டு ஸ்விட்ச் போர்டை ஒரு மாதிரியாகப் பார்க்காத பையன் எங்கள் காலத்தில் குறைவு. நான் பார்த்ததோடு நிற்கவில்லை. அது வேறு கதை.

எனக்கு மாயாவி அறிமுகமானது திண்டிவனத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில், அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல். சொந்தக் காசில் காமிக்ஸ் வாங்கியது 1984 ஜூலைக்குப் பிறகுதான். ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அந்த ஒரே மாதத்தில் தொடங்கின. ராணி ஒன்றரை ரூபாய். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். அதெல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். ஒரு போகிக்கு அம்மா மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டார். ஐம்பது வயதுக்குமேல் ஒருத்தன் பழைய காமிக்ஸ் தேடி அலைகிறான் என்றால் அவன் பின்னால் அநேகமாக அப்படி ஒரு போகி இருக்கும்.

பழைய புத்தகங்கள் கைமாறும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு நாள் ராத்திரி அந்த அட்டைப்படம் வந்தது. போட்டவர் ஊர், பேர் எதுவும் தெளிவில்லை. எழுதியிருந்தது இதுதான்: “தாத்தா பெட்டியில இருந்துச்சு. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பேப்பர்காரர் எடைக்குக் கேக்கறார். வேற யாருக்காவது வேணுமா?”

எனக்குக் கை நடுங்கியது. குழுவில் மற்றவர்கள் பார்ப்பதற்குள் அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். முதலில் ஒரு குசலம். பிறகு, எனக்கு அப்படி ஒன்றும் பெரிய ஆர்வம் இல்லாத மாதிரி, “பழசுதான், பரவால்ல, பத்தாயிரம் தரேன்” என்றேன். அது இரண்டு மூன்று மடங்குக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அங்கேதான் எல்லாம் நடந்தது. அந்த ஆள் என்னை ஏமாற்றவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஒன்றும் தெரியாதவரை நான் ஏமாற்றுவதற்கு வசதியாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“அண்ணா, கோயமுத்தூர்ல ஒருத்தர் பதினஞ்சு சொல்றார்” என்றார். பதினெட்டுக்கு முடித்தேன். பணம் போகவேண்டிய பெயர் வேறாக இருந்தது. கேட்டதற்கு “அக்கா அக்கவுண்ட் அண்ணா” என்றார். அக்கா என்றதும் அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின் நம்பரை அழுத்தினேன். மெஷினுக்கு டிரம் மாற்ற வைத்திருந்த பணம் அது.

எங்கள் ஊரில் சனிக்கிழமை சந்தை. ஆடு வாங்க வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார்கள். முதுகெலும்பில் கட்டைவிரலை அழுத்தி ஓட்டுவார்கள். நாலடி நடக்கவிட்டு, பின்னாலிருந்தும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் துண்டைப் போட்டு உள்ளே கைகொடுத்து விலை பேசுவார்கள். பல் பார்க்கிறார்களே என்று எந்த விற்கிறவரும் கோபித்துக்கொண்டதில்லை. நான் பார்த்தது அட்டைப்படம் ஒன்று. அதுவும் அவரே போட்டது.

பார்சல் வந்தபோது கடையில் கூட்டம். பள்ளிக்கூடத்து அட்மிஷன் நேரம், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் என்று வரிசை. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி எடுத்து, துணியால் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு நகல் எடுக்கப் போய்விட்டேன். பழுப்பேறிய தாள், துருப்பிடித்த பின், பழைய புத்தக வாசனை. எல்லாம் சரி. மத்தியானம்வரை சந்தோஷமாக இருந்தேன். அது ஒன்றுதான் அந்தப் பதினெட்டாயிரத்துக்குக் கிடைத்தது.

பென்ஷன் புத்தகத்தை நகல் எடுக்க ஒரு தமிழ் ஐயா வருவார். ஓய்வு பெற்று நெடுநாளாகிறது. மெஷின் சூடாகும்வரை மேஜைமேல் இருந்ததை எடுத்துப் புரட்டினார்.

“இது என்ன தம்பி, பொம்மைப் புத்தகம்?”

“காமிக்ஸ் ஐயா. எழுபத்திரண்டாம் வருஷத்துது. முதல் பதிப்பு.”

“அப்படியா” என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தைக் கிட்டே கொண்டுபோனார். நான் ஆதார் அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை இறக்கினேன். மெஷினின் வெளிச்சம் ஒரு தடவை ஓடியது. ஐயா இன்னும் அதே பக்கத்தில் இருந்தார். பிறகு இன்னொரு பக்கம். ஒரு பலூனுக்குள் விரலை வைத்தார்.

“இந்த ‘தலை’யைப் பாரு.”

பார்த்தேன். யாரோ மாயாவியின் தலையில் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“‘லை’ எப்படி இருக்கு?”

“லை மாதிரிதான் இருக்கு ஐயா.”

“அதான் சொல்றேன். நீ ஒண்ணாங்கிளாஸ்ல எந்த ‘லை’ எழுதின?”

எனக்கு உள்ளங்கை சில்லிட்டது. நான் ஒன்றாம் வகுப்பில் எழுதியது தும்பிக்கையைத் தூக்கிச் சுழித்த பழைய ‘லை’. எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகுதான் அது மாறியது. ‘ணை’, ‘னை’, ‘ளை’ மாறின, ‘ணா’, ‘றா’, ‘னா’வுக்குக் கால் முளைத்தது. கைப்பழக்கம் ஒன்று, புத்தகம் வேறொன்று என்று இரண்டுக்கும் நடுவில் அடி வாங்கிய வகுப்பு எங்களுடையது.

“பெரியார் ‘குடி அரசு’ல 1935லயே இப்படிப் போட்டார்” என்றார் ஐயா, வகுப்பெடுக்கும் குரலில். “பொம்மைப் புத்தகக்காரங்க எழுபத்திரண்டுல போட்டிருப்பாங்களா? இது சீர்திருத்தத்துக்கு அப்புறம் அடிச்சது தம்பி. என்ன விலை குடுத்த?”

“முந்நூறு ரூபா ஐயா.”

“அதிகம்” என்றார்.

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அட்டையைப் பாருங்கள்: ‘இரும்புக்கை மாயாவி’. அதில் மாறிய எழுத்து ஒன்றுகூட இல்லை. அட்டைப்படத்தை எத்தனை நாள் வெறித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. உள்ளே ஒரே ஒரு பக்கம் கேட்டிருந்தால் போதும். வெளியீட்டு விவரம் அச்சிட்ட பக்கத்தைத் திருப்பினேன். சிவகாசி 626 123 என்றிருந்தது. நாட்டில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15ல்தான். ஜனவரிப் புத்தகத்துக்கு ஆகஸ்ட் எங்கிருந்து தெரிந்தது?

அட்டையை டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. டோனர் காகிதத்துக்குள் இறங்காது, மேலே பொரிந்து உட்காரும். சாய்த்தால் பளபளக்கும், மடித்தால் மடிப்பில் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். தினமும் நான் பார்க்கிற சங்கதி. பளபளத்தது. முதுகில் வெள்ளைக் கோடு இருந்தது. பழுப்பும் பொய். செய்தித்தாள் ரகக் காகிதம் காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரத்திலிருந்து உள்ளே பழுக்கும். இது நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராக, டீயில் முக்கின நிறத்தில் இருந்தது. பின் நல்ல துரு, ஆனால் பின்னைச் சுற்றித் தாளில் துருக்கறை இல்லை. வேறெதிலிருந்தோ கழற்றிக் குத்தியிருக்கிறார்கள். மாயாவி கதைகளைப் பலமுறை மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் உள்பக்கம், என்னைப் போன்ற ஒரு கடையில் எடுத்த அட்டை.

விற்றவரிடம் கேட்டேன். “நான் அனுப்பினது ஒரிஜினல். நீங்க மாத்தி வச்சிட்டுப் பேசறீங்க” என்றார். பார்சல் பிரித்ததை வீடியோ எடுத்தீர்களா என்றும் கேட்டார். ஒன்றும் தெரியாத பேரனுக்கு அது மட்டும் தெரிந்திருந்தது. மறுநாள் அந்த எண்ணும் இல்லை, குழுவில் ஆளும் இல்லை.

1930க்கு அன்றைக்கே அழைத்திருக்க வேண்டும். சைபர் மோசடிக்கான அந்த எண்ணில் உடனே சொன்னால், பணம் போய்ச்சேர்ந்த கணக்கில் இன்னும் கிடந்தால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நான் அழைக்கவில்லை. “எதுக்குங்க பதினெட்டாயிரம்?” என்று கேட்பார்கள், “பொம்மைப் புத்தகத்துக்கு” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வராமல் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் புகார் பதிந்தபோது அங்கே எடுக்க எதுவும் மிச்சமில்லை. டிரம் மாற்றாததால் நகலில் கருப்புக் கோடு விழுந்தது. அட்மிஷன் கூட்டத்தில் பாதி எதிர்க்கடைக்குப் போனது.

வீட்டில் சொன்னபோது மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்களே ஒண்ணு போட்டுக்கிட்டிருக்கலாமே” என்றாள்.

ஆறுதலுக்காக உலகம் முழுக்க ஏமாந்தவர்களைத் தேடிப் படித்தேன். நிறையப் பேர் இருக்கிறார்கள். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938ல் 10 சென்ட். 2024 ஏப்ரலில் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த இதழை 1974ல் பதிப்பாளர்களே பெரிய அளவில் அப்படியே மறுபதிப்பு செய்தார்கள், மறுபதிப்பு என்று சொல்லும் தடித்த மேலட்டையோடு. அந்த மேலட்டையைக் கழற்றினால் உள்ளே பழைய அட்டையின் அச்சு அசல். கழற்றி விற்றவர்கள் உண்டு. ஸ்கேல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும், அசல் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் புதையல் கிடைத்தவன் ஸ்கேல் தேடுவதில்லை. அமெரிக்காவில் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரை வைத்துத் தருகிற நிறுவனம்கூட இருக்கிறது. அந்த உறையைப் பிரித்து உள்ளே ஆளை மாற்றியிருக்கிறார்கள் என்று 2024 தொடக்கத்தில் ஒரே அமளி. இதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இப்போதும் வாங்குகிறேன், சின்ன விலைக்கு. வீடியோ காலில் புத்தகத்தைப் புரட்டிக் காட்டச் சொல்வேன். நடுப்பக்கத்துப் பின், வெளியீட்டு விவரம், பழைய புத்தகம் என்றால் ஒரு ‘லை’. பக்கத்தில் அன்றைய பேப்பரை வைத்துப் படம் கேட்பேன். சேகரிப்பவர்கள் சந்தோஷமாகக் காட்டுகிறார்கள், கேட்காததையும் சேர்த்து. மதுரைக்காரர் ஒருவர் தன் வீட்டு அலமாரி முழுவதையும் காட்டிவிட்டுத்தான் போனை வைத்தார். “நம்பிக்கை இல்லையா அண்ணா?” என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி வந்ததும் நான் கும்பிடு போட்டுவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் கடையிலேயே, ரீம் கட்டுகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. போன மாதம் பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் எதையோ நகல் எடுக்க வந்து அதைப் பார்த்துவிட்டான். முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அலட்சியமாகக் கேட்பதுபோல், “இது குடுக்கறதா இருக்கீங்களா அண்ணே? ஒரு பன்னெண்டு தரேன்” என்றான்.

உடனே “வேண்டாம்பா” என்றேன் என்று எழுத ஆசைதான். உடனே சொல்லவில்லை. பன்னிரண்டாயிரத்தில் டிரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனும் இரண்டு மூன்று மடங்கு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, ரப்பர் ஸ்டாம்பு செய்து தருகிற கடை அல்லவா, டிராயரிலிருந்து ‘நகல்’ முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, மாயாவியின் கைமேல் பலமாக ஒரு குத்துக் குத்தினேன்.

அவன் திடுக்கிட்டான். விஷயத்தைச் சொன்னேன். ‘லை’யைக் காட்டினேன். கொஞ்ச நேரம் புரட்டிக்கொண்டே இருந்தான்.

“கதை முழுசா இருக்கா அண்ணே?”

“இருக்கு. கடைசிப் பக்கம்கூட இருக்கு.”

“அம்பது ரூபா தரட்டா? படிக்கத்தான்.”

நான் நூறு சொன்னேன். எழுபதுக்கு முடிந்தது.